ரிச்சர்ட் பர்ட்டனின் முகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ‘பெக்கெட்’ பார்த்தேன். அன்றிலிருந்து ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த படங்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதை மறந்துபோகிறது, அந்த முகமும் கண்களும் போக மறுக்கின்றன. தோழியிடம் சொன்னால், “இது ரசனை இல்லைடி, வெறும் மயக்கம்” என்கிறாள். ஒரு நடிகரை அவர் அழகுக்காக ரசிப்பது மட்டமான ரசனையா?

வி.

அன்புள்ள வி.,

இல்லவே இல்லை. நடிகருக்கு உடம்புதான் கருவி. முகத்தைக் கழித்துவிட்டு நடிப்பை மட்டும் ரசிப்பது நடக்கிற காரியமா? மயங்கியதற்காக வெட்கப்படாதீர்கள். எதில் மயங்கினோம் என்று மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

பர்ட்டன் லட்சணமான முகவெட்டுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. கன்னமெல்லாம் இளவயதுப் பருக்களின் தழும்பு. ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ (1965) கறுப்பு வெள்ளைப் படம். களைத்துப்போன ஒற்றராக வரும் அவரைக் கேமரா நெருங்கும்போது அந்த மேடுபள்ளங்களில் நிழல் தங்குகிறது. அப்போதும் நம் கண் அங்கிருந்து அகலுவதில்லை.

காரணம் அவர் குரலில் இருக்கிறது என்பது என் எண்ணம். வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் 13 பிள்ளைகளில் 12ஆவதாக 1925இல் பிறந்தவர். தாய்மொழி வெல்ஷ். சின்னஞ்சிறு வயதிலேயே அம்மா போய்விட, போர்ட் டால்பட்டில் அக்கா செசீலியா வளர்த்தார். அங்கே பிலிப் பர்ட்டன் என்ற ஆசிரியர் கிடைத்தார். பின்னால் அவருடைய குடும்பப் பெயரையே இவர் சூடிக்கொண்டார். அந்த ஆசிரியர் பையனை மலைமேல் நிறுத்தி வசனம் பேசச் சொல்லிவிட்டு, தான் தள்ளித் தள்ளிப் போவாராம். கத்தக் கூடாது, ஆனால் தனக்குக் கேட்க வேண்டும்.

அப்படிப் பழகிய தொண்டைக்குக் கழுத்து நரம்பு புடைக்கத் தேவையில்லை. பாரத்தைக் குரல் சுமந்துகொள்வதால் முகம் அமைதியாக இருக்கிறது. அந்த அமைதிதான் நம்மைக் கட்டிப்போடுகிறது. ‘பெக்கெட்’டில் கடற்கரையில் அவரும் மன்னராக வரும் பீட்டர் ஓ’டூலும் குதிரைமேல் அமர்ந்து பேசும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். ஓ’டூல் பேசும்போது அவரைப் பார்க்காமல், கேட்டுக்கொண்டிருக்கும் பர்ட்டனைப் பாருங்கள். ஒருவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கிற முகம் எவ்வளவு அழகு!

முகமே இல்லாமலும் அவரைக் கேட்க வேண்டும். வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸின் ‘அண்டர் மில்க் வுட்’ நாடகம் 1954இல் பிபிசி வானொலியில் ஒலிபரப்பானது. கதைசொல்லும் குரல் பர்ட்டனுடையது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

‘ஹூஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்?’ (1966) படத்தில் தன் வசீகரத்தையெல்லாம் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு, தோற்றுப்போன பேராசிரியராக வருகிறார். அவர் உச்சம் தொட்டது அதில்தான் என்பேன். ஏழு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒருமுறைகூடக் கிடைக்காமல் போனதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. குடியும் ஏனோதானோ என்று ஒப்புக்கொண்ட படங்களும் அவரை நிறையத் தின்றன. அவற்றை நீங்கள் தாண்டிப் போய்விடலாம்.

ஆனால் கடைசிப் படமான ‘நைன்டீன் எய்ட்டி-ஃபோர்’ஐ விட்டுவிடாதீர்கள். அது வெளிவருமுன், 1984 ஆகஸ்டில், 58 வயதில் இறந்துவிட்டார். முகம் தளர்ந்து, கண்ணுக்குக் கீழே பை விழுந்திருக்கிறது. சித்திரவதை செய்யும் அதிகாரி வேடம். கட்டிவைக்கப்பட்டவனிடம், பாடம் புரியாத மாணவனுக்கு எடுத்துச் சொல்கிறவர்போலத் தணிந்து பேசுகிறார்.