சீல் அதிகாரியா, மரைன் அதிகாரியா? மகன் முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: நாங்கள் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். மகன் இங்கேயே பிறந்தவன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பள்ளியில் நீச்சல் அணியில் இருந்தான். படிப்பு முடிந்ததும் அதிகாரியாகச் சேர்ந்து சிறப்புப் படைக்குப் போகப்போகிறேன் என்கிறான். கடற்படையில் சேர்ந்து நேவி சீல் (கடற்படையின் சிறப்புப் படை வீரர்) ஆவதா, கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் மரைன் படைக்குப் போவதா என்பதில்தான் குழப்பம். "ஆட்களை முன்னால் நின்று நடத்தணும், கப்பலில் வாட்ச் டியூட்டி (முறை வைத்துக் கண்காணிக்கும் பணி) பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பிடிக்காது" என்கிறான். சிறப்புப் படை கிடைக்காமல் போனால் அவன் கதி என்ன? எங்களுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. வழி சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் கடைசியில் கேட்டதைத்தான் அம்மா, உங்கள் மகன் முதலில் கேட்க வேண்டும். இரண்டு படைகளும் ஒரே கடற்படைத் துறையின் கீழ் இருக்கின்றன, அன்னாபொலிஸ் கடற்படை அகாடமியிலிருந்து இரண்டுக்கும் அதிகாரிகள் போகிறார்கள். ஆனால் சிறப்புப் படைக்குப் போகும் வழி இரண்டிலும் முற்றிலும் வேறு. சறுக்கினால் போய்ச் சேரும் இடமும் வேறு.

முதலில் கடற்படை. சேருவதற்கு முன்பே "எனக்கு சீல் அதிகாரிப் பணி வேண்டும்" என்று அதற்கென்றே விண்ணப்பிக்கலாம். கலிபோர்னியாவின் கொரனாடோவில் இரண்டு வாரத் தேர்வு முகாம் நடக்கும். அதைக் கடந்து, தேர்வுக் குழுவும் சரி என்றால், ரோட் ஐலண்டில் உள்ள நியூபோர்ட்டில் அதிகாரிப் பயிற்சி. அப்புறம் மறுபடி கொரனாடோ, பட்ஸ் எனப்படும் 24 வார அடிப்படைப் பயிற்சி. அதன் முதல் கட்டத்தில்தான் ஹெல் வீக் வருகிறது. ஞாயிறு மாலை தொடங்கி வெள்ளி வரை, ஐந்தரை நாளில் மொத்தமாக நாலு மணி நேரத் தூக்கம்கூடத் தேறாது. பட்ஸ் முடித்தவருக்கு இன்னொரு 26 வாரத் தகுதிப் பயிற்சி இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இருபத்து நாலு வயதுவாக்கில் நெஞ்சில் சீல் வீரருக்கான டிரைடென்ட் சின்னம் ஏறிவிடும்.

பட்ஸில் அதிகாரிக்குத் தனிச் சலுகை கிடையாது. சிப்பாய்களோடு அதே மணலில், அதே குளிர் நீரில்தான் அவரும் கிடப்பார். ஏழு பேர் அளவில் ஒரு படகுக் குழு. ரப்பர் படகைத் தலையில் தூக்கிக்கொண்டு கடற்கரை முழுக்க ஓட வேண்டும். அதிகாரிதான் அந்தக் குழுவுக்குத் தலைவர். பின்னால் ஒருவன் தடுமாறினாலும் திட்டு இவருக்கு. தன் கழுத்து வலியோடு மற்ற ஆறு பேரின் வலியையும் கவனித்து, உயரத்துக்கேற்ப ஆட்களை மாற்றி நிறுத்தி, ஒருவரும் போய் மணி அடித்து விலகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்களை நடத்த ஆசை என்று சொல்பவரை இங்கேதான் எடை போடுவார்கள்.

விலகுபவர்களே அதிகம். பொதுவாக நாலு பேரில் மூன்று பேர் முடிப்பதில்லை என்பார்கள். முன்கூட்டியே சலித்து எடுப்பதால் அதிகாரிகள் இதைவிட நன்றாகவே தேறுகிறார்கள், ஆனால் யாருக்கும் உத்தரவாதம் இல்லை. விலகும் அதிகாரியைக் கடற்படை தனக்கு எங்கே ஆள் தேவையோ அங்கே போடும். சிலரை விடுவித்துவிடுவதும் உண்டு. பெரும்பாலும் அந்த இடம் ஒரு போர்க்கப்பல். உங்கள் மகன் பிடிக்காது என்று சொன்ன அதே வாட்ச்தான்.

அடுத்தது மரைன். இங்கே சேரும்போதே சிறப்புப் படையைக் கேட்க முடியாது. வர்ஜீனியாவின் குவான்டிகோவில் அதிகாரித் தேர்வு, அதன் பின் அங்கேயே "தி பேசிக் ஸ்கூல்" என்ற ஆறு மாதப் பள்ளி. விமானியானாலும் வழக்கறிஞரானாலும் ஒவ்வொரு மரைன் அதிகாரியும் துப்பாக்கி ஏந்தி ஒரு பிளாட்டூனை (சிறு படைப்பிரிவை) நடத்தக் கற்றுக்கொண்டே வெளியே வர வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. விமானி, வழக்கறிஞர் என்று முன்பே ஒப்பந்தமாகி வந்தவர்கள் தவிர, யாருக்கு எந்தப் பிரிவு என்பது இந்தப் பள்ளியின் பிற்பகுதியில்தான் தெரியும். மதிப்பெண் வரிசையை மூன்றாகப் பிரித்து, திறமைசாலிகள் எல்லாப் பிரிவுகளுக்கும் பரவலாகப் போகும்படி பங்கிடுகிறார்கள். அதனால் காலாட்படையைக் கேட்டவருக்குத் தளவாடப் பிரிவு கிடைப்பதும் நடக்கும்.

காலாட்படை கிடைத்தால் இருபத்து மூன்று வயதில் நாற்பது பேர் அளவிலான ஒரு பிளாட்டூன் அவர் கையில். சில ஆண்டுகள் அதை நடத்திய பிறகுதான் மார்சாக் எனப்படும் மரைன் சிறப்புப் படைப் பிரிவின் தேர்வுக்குப் போக முடியும். 2006-ல் தொடங்கிய இந்தப் பிரிவு வட கரோலினாவின் கேம்ப் லெஜூனில் இருக்கிறது. இதன் வீரர்களுக்கு ரெய்டர்கள் என்று பெயர். தேறியவர்களுக்குச் சுமார் ஒன்பது மாதப் பயிற்சி, அப்புறம் 14 பேர் கொண்ட ஒரு குழுவுக்குத் தலைமை. அந்த நாற்காலிக்கு வரும்போது வயது முப்பதை நெருங்கியிருக்கும். குழுத் தலைவராக இருக்கும் காலமும் நீண்டதல்ல, பலர் பிறகு வழக்கமான மரைன் பிரிவுகளுக்கே திரும்புகிறார்கள்.

ரீகான் என்ற பெயரும் மகன் காதில் விழுந்திருக்கும். அது மரைன் படைக்குள்ளேயே இயங்கும் உளவுப் பிரிவு. கடினமானதுதான், மதிப்புள்ளதுதான். ஆனால் அமெரிக்கச் சிறப்புப் படைகளின் கூட்டுத் தலைமைக்குக் கீழ் வருவது மார்சாக் மட்டுமே.

இன்னொன்றையும் அவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். எந்தப் படையானாலும் அதிகாரிக்குக் களத்தில் கிடைக்கும் ஆண்டுகள் குறைவு. திட்டம் போடுவது, மேலிடத்துக்கு விளக்குவது, ஆட்களின் லீவு முதல் குடும்பப் பிரச்சினை வரை பார்ப்பது என்றுதான் பாதி நாள் போகும். பதவி ஏற ஏற மேஜை வேலை கூடும். குழுவிலேயே பல ஆண்டுகள் இருந்து கைத்திறனில் தேர்பவர்கள் சிப்பாயாகச் சேர்ந்தவர்கள். பட்டம் வாங்கிவிட்டுச் சிப்பாயாகச் சேருபவர்களும் சீல் படையில் உண்டு, அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. உங்கள் மகனை இழுப்பது அந்தக் கைத்திறனா, தலைமைப் பொறுப்பா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நான் மரைன் பக்கம்தான் சாய்வேன். ஆட்களை நடத்த வேண்டும், கப்பல் வேண்டாம் என்கிறார். ரெய்டர் ஆகாவிட்டாலும் ஒரு காலாட்படை பிளாட்டூனை நடத்திய வாழ்க்கை அவருக்கு மிஞ்சும். சீல் முயற்சி சறுக்கினால் அவர் விரும்பாத இடம்தான் மிஞ்சும். ஆனால் "சீல் மட்டும்தான், மற்ற எதுவும் வேண்டாம்" என்பதுதான் உள்ளே இருக்கும் ஆசை என்றால், அந்த ஒரே பிரிவுக்கு மட்டும் விண்ணப்பிக்கட்டும். முதலில் கப்பல் அதிகாரியாகச் சேர்ந்து பிறகு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பி இறங்க வேண்டாம். மாறும் வாய்ப்பு மிகவும் குறுகலானது.

நீச்சல் தெரியும் என்பது நல்ல விஷயம். ஆனால் பள்ளி அணியில் பழகிய ஃப்ரீஸ்டைல் சீல் தேர்வில் செல்லாது. பக்கவாட்டு நீச்சலோ பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கோதான் நீந்த வேண்டும். குறைந்தபட்சத் தகுதி: 500 கஜம் நீச்சல் 12 நிமிடம் 30 நொடியில், 50 புஷ்-அப், 50 சிட்-அப், 10 புல்-அப், ஒன்றரை மைல் ஓட்டம் 10 நிமிடம் 30 நொடியில். இது விண்ணப்பம் கொடுக்க மட்டுமே போதும். தேர்வாக வேண்டும் என்றால் நீச்சலும் ஓட்டமும் ஒன்பது நிமிடத்தை ஒட்டி வர வேண்டும். மரைனில் மூன்று மைலை 18 நிமிடத்தில் ஓடினால் முழு மதிப்பெண். ரெய்டர் தேர்வுக்கோ பாரம் சுமந்து நடக்கும் கால் வேண்டும். நீச்சல்காரர்களுக்கு மூச்சு இருக்கும், கணுக்கால் எலும்பு பழகியிருக்காது. ஓட்டத்தையும் சுமையையும் திடீரென்று கூட்டினால் எலும்பில் விரிசல் விடும். இரத்தத்தில் வைட்டமின் டி அளவை இப்போதே பார்த்துவிடுங்கள், நம் ஆட்களுக்கு அது குறைவாக இருப்பது சகஜம். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமாவுக்கு மருந்து எடுத்திருந்தாலோ, நிறங்களைப் பிரித்தறியும் பார்வையில் குறைபாடு இருந்தாலோ அதையும் முதலிலேயே விசாரியுங்கள்.

தாயாக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. 2022 பிப்ரவரியில் ஹெல் வீக்கை முடித்த ஒரு பயிற்சி வீரர் சில மணி நேரத்தில் நிமோனியாவால் இறந்தார். அதன் பிறகு மருத்துவக் கண்காணிப்பை இறுக்கினார்கள், ஊக்கமருந்துச் சோதனையும் வந்தது. இருமலையும் மூச்சுத் திணறலையும் மறைத்துப் பயிற்சியைத் தொடரக் கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

குடியுரிமையில் சிக்கல் இல்லை, இங்கே பிறந்தவர். ஆனால் பாதுகாப்பு அனுமதிக்கான படிவத்தில் வெளிநாட்டு உறவுகளையும் சொத்துகளையும் எழுத வேண்டும். தாத்தா பாட்டி ஊரில் இருப்பது ஒரு தடையே இல்லை. பேரன் பெயரில் தாத்தா எழுதிவைத்த நிலம், ஊர் வங்கியில் போட்ட டெபாசிட், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) என்று எது இருந்தாலும் இப்போதே அவருக்குச் சொல்லிவிடுங்கள். இருப்பதைச் சொன்னால் பேசித் தீர்க்கலாம், மறைத்தது பின்னால் தெரிந்தால் பெரும் தொல்லை.

இப்போது செய்ய வேண்டியது: கல்லூரி மாணவர்களுக்கென்று மரைன் படை பி.எல்.சி. என்ற திட்டம் வைத்திருக்கிறது. இரண்டாம் ஆண்டில் இருப்பவர் இரண்டு கோடை விடுமுறைகளில் ஆறு ஆறு வாரம் குவான்டிகோ போய்வரலாம். கல்லூரி நடக்கும் மாதங்களில் சீருடை, வகுப்பு எதுவும் கிடையாது. படையிடம் படிப்புச் செலவுக்குப் பணம் வாங்காதவரை, கமிஷனை, அதாவது அதிகாரி நியமனத்தை, ஏற்கும் வரை விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. முதல் கோடையிலேயே இது தனக்கு ஒத்துவருமா என்று அவருக்குத் தெரிந்துவிடும். இதற்குக் கடைத்தெருவில் இருக்கும் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போகக் கூடாது, அது சிப்பாய்களுக்கானது. மரைன் படையில் அதிகாரித் தேர்வுக்கென்றே தனி அலுவலர் இருக்கிறார், கடற்படையிலும் அதிகாரிகளுக்குத் தனி ஆள்சேர்ப்புப் பிரிவு உண்டு. அவரவர் கல்லூரிக்கு யார் பொறுப்பு என்று போன் செய்து கேட்டாலே சொல்லிவிடுவார்கள். அந்தப் போனை மகனே செய்யட்டும். அம்மாவோ அப்பாவோ பேசினால் அங்கே எடுத்த எடுப்பிலேயே அவர்மீது நல்ல எண்ணம் வராது.