செத்த குதிரைக்கும் காசு

கேள்வி: குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அப்புறமும் சூதாட்டத்துக்குப் போடுகிற வரியையே அதற்கும் போடுவது நியாயமா?
– பெயர் வேண்டாம் (மாமனார் உங்கள் பத்திரிகை படிப்பவர்), தேவிபட்டினம்.

பதில்: மாமனாருக்கு என் வணக்கம். அவருடைய சந்தா போன மாதமே முடிந்துவிட்டது.

தேவிபட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு குதிரையைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்களே! 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியன் கடற்கரையில் வந்து இறங்கிய சரக்கிலேயே விலை உயர்ந்தது குதிரைதான். பாரசீகத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒப்பந்த விவரத்தையே எழுதி வைத்திருக்கிறார். பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவிலிருந்து ஜமாலுத்தீன் என்ற பெருவணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்பவேண்டும். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். கூடவே ஒரு ஷரத்து: வழியில் குதிரை செத்தாலும் கஜானாவிலிருந்து முழு விலை வந்துவிடும். நாலு காலில் கரையேறினாலும் சரி, நடுக்கடலில் சுறாவுக்குப் போனாலும் சரி, வியாபாரிக்கு ஒரு காசு நஷ்டமில்லை.

பிழைத்து வந்தவற்றின் கதை இன்னும் மோசம். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் குதிரைக்குப் போடுகிறார்கள் என்று மார்க்கோ போலோ தலையில் அடித்துக்கொள்கிறார். கீழக்கரைக் கல்யாணத்தில் கறிச்சோற்றுப் பந்தி முடிந்து எழுந்திருக்க எனக்கே ஒரு ஆள் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? லாடம் அடிக்கத் தெரிந்தவனை வியாபாரிகள் இந்தப் பக்கம் வரவே விடுவதில்லை என்றும் அவர் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு ஆர்டர்!

அந்தக் குதிரைகள் இறங்கிய பட்டணம் பெரியபட்டினமா, உங்கள் ஊரா என்ற வழக்கு வேறு இருக்கிறது. பெரியபட்டினத்து மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. நான் அந்தக் கட்சி. இதை எழுதிய நாளிலிருந்து உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு இதழையும் திருப்பி அனுப்புகிறார். படித்துவிட்டுத்தான் அனுப்புகிறார், ஓரத்தில் பென்சில் கோடு இருக்கிறது.

சரி, வரி. 1974-ல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996-ல் சுப்ரீம் கோர்ட், இது பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, சூதாட்டச் சட்டம் இதன்மேல் பாயாது என்றது. நீங்கள் பிடித்துக்கொண்டு தொங்குவது அந்தத் தீர்ப்பைத்தான். அங்கே வழக்கு, தடை செய்யலாமா கூடாதா என்பது. வரி போடுகிறவர்களுக்குத் திறமையும் ஒன்று, அதிர்ஷ்டமும் ஒன்று. கஸினோவையும் லாட்டரியையும் ரேஸையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள்.

கட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. திறமை குதிரைக்கு இருக்கிறது, ஜாக்கிக்கு இருக்கிறது. ரேஸ் புத்தகத்தில் சிவப்பு மையால் வட்டம் போடுகிறவருக்கும் அது இருப்பதாகக் கோர்ட் நம்பலாம். உங்கள் மாமனார் நம்பமாட்டார்.

நான் சண்டைக்கு நிற்பது வேறு இடத்தில். வரி எதன்மேல்? கிளப் எடுத்துக்கொள்ளும் கமிஷன்மேல் மட்டும் போடலாம் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. 2023 அக்டோபரில் சட்டத்தையே திருத்தி, கட்டுகிற பந்தயப் பணம் முழுவதன்மேலும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றார்கள். 2025 செப்டம்பரில் அது 40 ஆனது. தப்பித்தவறி ஜெயித்தால் வருமான வரி 30 சதவீதம் தனி. தோற்ற பணத்தை அதில் கழிக்கக்கூடாது. உங்கள் குதிரை முதலாவதாக வந்தாலும் கடைசியாக வந்தாலும் சர்க்கார் பங்கு முதலிலேயே சர்க்காருக்குப் போய்விடும். ஜமாலுத்தீன் இன்றிருந்தால் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கியிருப்பார்.

இதனால் ரேஸ் ஆடுகிறவன் திருந்தமாட்டான். கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து, ரசீது கொடுக்காத புக்கியிடம் போவான். அங்கே வரி பூஜ்யம், கடனும் உண்டு. கடன் கொடுக்கிறவன் கையில் சிக்குவதைவிட 40 சதவீதமே தேவலை என்பது அவனுக்கு வீட்டுப் பத்திரம் போன பிறகு தெரியும். கமிஷன்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், ஜெயித்த காசில் பிடியுங்கள். தோற்றவன் பையில் கை விடாதீர்கள் என்பது என் கட்சி.

நம்மூர் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு இந்தச் சட்டம் எப்போது வரும் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக விடுகிறார்கள். வண்டிக்குப் பின்னால் புழுதியில் பைக்குகள் பறக்கின்றன. அந்த அமளியில், ‘முதல் மாடு எது’ என்பதன்மேல் பின்சீட்டில் இருப்பவர்களுக்குள்ளேயே நோட்டு கைமாறுகிறது. அதற்கு வரி வசூலிக்க வருகிற அதிகாரிக்கு முதலில் பைக் ஓட்டத் தெரியவேண்டும்.