சலாஹுத்தீன் முதல் பறங்கிக்காய் வரை: சிலுவைப் போர் பற்றிச் சில கேள்விகள்

சிலுவைப் போர்கள், அதாவது எருசலேமைப் பிடிக்க ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் கிழக்கே படையெடுத்துப் போன போர்கள் பற்றி நிறையக் கேள்விகள் வந்து சேர்ந்திருக்கின்றன. சண்டை மூட்டுவதற்கென்றே எழுதியவற்றை ஒதுக்கிவிட்டேன். மிச்சத்தில் சில இங்கே.

முதலில் ஆரம்பித்தது யார்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் முடியாது, மன்னிக்கவும். எந்த வருடத்திலிருந்து எண்ணுகிறீர்களோ அதற்கேற்ப பதில் மாறும். 1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் செய்த பிரசங்கத்திலிருந்து எண்ணினால் ஐரோப்பியர். 1071இல் மான்சிகெர்ட்டில் செல்ஜுக் துருக்கியர் பைசாந்தியப் படையை (கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்குக் கிறிஸ்தவப் பேரரசின் படையை) முறியடித்துப் பேரரசரையே பிடித்து வைத்ததிலிருந்து எண்ணினால் துருக்கியர். பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோஸ் கேட்டனுப்பியது துருக்கியரைச் சமாளிக்கக் கொஞ்சம் படை உதவி, அவ்வளவுதான். வந்ததோ ஊர் ஊராகக் கிளம்பிய பெருங்கூட்டம். அதில் ஒரு பகுதி கிழக்கே போவதற்கு முன்னாலேயே, 1096இல், ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் இருந்த யூதர்களைக் கொன்று குவித்தது. இன்னொரு வேடிக்கை: 1099இல் அவர்கள் எருசலேமை வந்தடைந்தபோது ஊர் துருக்கியர் கையிலேயே இல்லை. அதற்கு முந்தைய வருடமே எகிப்தின் ஃபாத்திமியர்கள் துருக்கியரிடமிருந்து அதைப் பிடுங்கியிருந்தார்கள். ஃபாத்திமியர் ஷியா, செல்ஜுக்குகள் சுன்னி. ‘இரண்டு மதம், இரண்டு அணி’ என்ற கணக்கு ஆரம்பத்திலேயே உதைக்கிறது.

எருசலேமில் குதிரையின் கடிவாளம் வரை ரத்தம் ஓடியது உண்மையா?

படுகொலை உண்மை. கடிவாளம் வரை என்பது பைபிளிலிருந்து எடுத்த சொற்றொடர். வெளிப்படுத்தின விசேஷம் 14ஆம் அதிகாரம் 20ஆம் வசனத்தைப் புரட்டிப் பாருங்கள். அதை எழுதியவர் படையோடு போன ஒரு பாதிரியார், கடவுளின் தீர்ப்பு நிறைவேறியது என்று பெருமையாகவே எழுதினார். இறந்தவர் தொகையாக எழுபதாயிரத்துக்கு மேல் என்று சொன்ன இப்னுல் அதீர், சம்பவம் நடந்து அறுபது வருடம் கழித்துப் பிறந்தவர். படுகொலை நடந்த காலத்திலேயே அந்தப் பக்கம் பயணம் செய்த, ஸ்பெயினின் செவில்லைச் சேர்ந்த இப்னுல் அரபி மூவாயிரம் என்கிறார். மூவாயிரம் என்றால் குறைவா என்று கேட்காதீர்கள், அன்றைய எருசலேம் சின்ன ஊர்.

சலாஹுத்தீன் அவ்வளவு நல்லவரா, இல்லை ஏற்றிச் சொல்கிறார்களா?

இரண்டும்தான். எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் அவர். 1187 ஜூலையில் ஹத்தீனில் சிலுவைப் படையை ஜெயித்த கையோடு, பிடிபட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் என்ற கிறிஸ்தவத் துறவி வீரர்களை வரிசையாக நிறுத்தித் தலையை வெட்டச் சொன்னவரும் அவர்தான். அக்டோபரில் எருசலேமையும் வாளால்தான் எடுக்க நினைத்தார். உள்ளே இருந்து ஊரைக் காத்த பாலியன், முஸ்லிம் கைதிகளைக் கொன்றுவிட்டு முஸ்லிம்களின் புனிதக் கட்டடமான பாறைக் குவிமாடத்தையும் இடித்துவிடுவோம் என்று மிரட்டியதும் பேரம் பேச வந்தார். வெளியேற மீட்புப் பணம் ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5, குழந்தைக்கு 1. கட்ட முடியாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானார்கள். ஆனாலும் 1099இன் படுகொலை திரும்ப நடக்கவில்லை, அது சின்ன விஷயமில்லை. நான்கு வருடம் கழித்து ஆக்ரேயில் இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட் சுமார் 2,700 கைதிகளை ஊருக்கு வெளியே கொன்றார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சண்டை தவிர இரு தரப்பும் பேசிக்கொண்டதே இல்லையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1184இல் டமாஸ்கஸிலிருந்து சிலுவைப் படையினர் கையில் இருந்த துறைமுகமான ஆக்ரேவுக்கு வணிகக் கூட்டத்தோடு போன ஸ்பெயின்காரர் இப்னு ஜுபைர், சலாஹுத்தீன் சிலுவைப் படையினரின் கெரக் கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருந்த அதே சமயத்தில் வியாபாரிகள் பாட்டுக்கு எல்லையைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்ததைப் பார்த்து அதிசயப்பட்டு எழுதியிருக்கிறார். அங்கே சுங்கம் வசூலித்த கிறிஸ்தவ எழுத்தர்கள் அரபியில் பேசி அரபியிலேயே கணக்கு எழுதினார்களாம்.

அவருக்கும் முன்னால் உசாமா இப்னு முன்கித் என்ற சிரியாக்காரப் பிரபு. எருசலேமின் அக்ஸா பள்ளிவாசல் அப்போது டெம்ப்ளர்களின் தலைமையகம். பக்கத்தில் சர்ச்சாக மாற்றிய ஒரு சிறு பள்ளிவாசலை, இவர் வரும்போதெல்லாம் தொழுவதற்குக் காலி செய்து கொடுப்பார்கள். அவர்களை ‘என் நண்பர்கள்’ என்றே எழுதுகிறார். ஒருநாள் தொழுகைக்குத் தக்பீர் கட்டி நிற்கும்போது ஒரு பறங்கி (ஐரோப்பியன்) பாய்ந்து வந்து இவர் முகத்தைப் பிடித்துக் கிழக்கே திருப்பி, ‘இப்படித் தொழு’ என்கிறான். டெம்ப்ளர்கள் அவனை இழுத்துப் போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மறுபடியும் அதையே செய்கிறான். கடைசியில் அவனை வெளியே தள்ளிவிட்டு உசாமாவிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள்: இவன் ஊரிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறான், கிழக்கைப் பார்க்காமல் தொழுகிறவரை இதுவரை கண்டதில்லை என்று. பழைய ஆளுக்கும் புது ஆளுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட நன்றாக யார் சொல்வது?

இந்தப் போர்களால் அதிகம் நாசமானது எது?

என் கணக்கில் கான்ஸ்டான்டிநோபிள், அதுவும் கிறிஸ்தவர் கையால். நான்காம் சிலுவைப் போருக்கு 33,500 பேரை ஏற்றிப்போக வெனிஸ் கப்பல் கட்டியது, பேசிய தொகை 85,000 மார்க். வந்த ஆட்கள் மூன்றில் ஒரு பங்குதான், பணம் எங்கிருந்து வரும்? கடனுக்குப் பதிலாக முதலில் ஸாரா என்ற கிறிஸ்தவ ஊரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு பைசாந்திய இளவரசன் அரியணை வாங்கிக்கொடுத்தால் கடனை அடைக்கிறேன் என்றான், அவனாலும் முடியவில்லை, 1204 ஏப்ரலில் ஊரையே கொள்ளையடித்தார்கள். அங்கிருந்து தூக்கிப்போன வெண்கலக் குதிரைகள் நான்கும் இன்றும் வெனிஸில்தான் இருக்கின்றன. 2001இல் போப் இரண்டாம் ஜான் பால் ஏதென்ஸுக்குப் போய் இதைக் குறிப்பிட்டு வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது என்றால் காயம் எத்தனை ஆழம் என்று பாருங்கள்.

அன்றைய பகைதான் இன்றுவரை விடாமல் தொடர்கிறதா?

இல்லை என்பேன். அன்றைய அரபு ஆசிரியர்கள் இதைச் சிலுவைப் போர் என்று அழைக்கவேயில்லை. வந்தவர்கள் அவர்களுக்கு ‘இஃப்ரஞ்ச்’, அதாவது ஃபிராங்குகள், அவ்வளவுதான். ‘ஹுரூப் சலீபிய்யா’ என்ற பெயர் பரவியது 19ஆம் நூற்றாண்டில், ஐரோப்பியப் புத்தகங்களின் வழியாக. 1898இல் ஜெர்மன் கைசர் இரண்டாம் வில்லெல்ம் டமாஸ்கஸில் சலாஹுத்தீன் கல்லறைக்கு வெண்கல மலர்வளையம் கொடுத்துவிட்டுப் போனார். 1918இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாரன்ஸ் அதைக் கழற்றி லண்டன் போர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், சலாஹுத்தீனுக்கு இனி இது தேவையில்லை என்று ஒரு குறிப்போடு. பழைய போரைப் புதிதாகத் தூசி தட்டி எடுத்தவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். அப்புறம் இரு தரப்பு அரசியல்வாதிகளும் பிடித்துக்கொண்டார்கள்.

நமக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

வாயிலேயே இருக்கிறது. மேலே சொன்ன இஃப்ரஞ்ச், பாரசீகத்தில் ஃபரங்கியாகி, இங்கே வந்து பறங்கி ஆனது. போர்த்துகீசியரும் தங்கள் பங்குக்கு ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்கள்: ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் சண்டையிட்ட முஸ்லிம்களுக்கு வைத்திருந்த ‘மூர்’ என்ற பெயரை இலங்கைக் கரையில் பார்த்த முஸ்லிம்களுக்கும் ஒட்டினார்கள். இன்றும் இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் ஆங்கிலத்தில் மூர், தமிழில் சோனகர். அமெரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்த காய்க்கோ நாம் அவர்கள் பெயரையே வைத்துவிட்டோம். அடுத்த முறை பறங்கிக்காய்க் கூட்டு சாப்பிடும்போது உசாமாவின் முகத்தைத் திருப்பிய அந்த ஆளை நினைத்துக்கொள்ளுங்கள், அதே பெயர்தான்.