கடி, கரப்பான், களிம்பு: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கம் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் தோல் பற்றிய கேள்விகளும் கூடிவிடும். முதல் கேள்வி பல வீடுகளுக்குப் பொதுவானது, அதனால் அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி (உப்புவெளி): ஆறு வயது மகளுக்கு இரண்டு முழங்கை மடிப்பிலும் இரண்டு முழங்கால் மடிப்பிலும் கரப்பான் (எக்ஸிமா). இரவில் சொறிந்து சொறிந்து இரத்தம் வருகிறது. கிளினிக்கில் ஒரு டப்பா கிரீமும் ஒரு ஸ்டீரொயிட் டியூபும் தந்தார்கள். பூசினால் நாலு நாள் நல்லா இருக்கும், விட்டால் திரும்ப வந்துவிடும். "அது தோலை மெலிய வைச்சுப்போடும், நிப்பாட்டு பிள்ளை" என்று மாமி ஏசுகிறா. என்ன செய்வது?

பதில்: மாமி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் அந்த டப்பாவைப் பாருங்கள். எத்தனை நாளில் முடிகிறது?

கரப்பான் உள்ள பிள்ளையின் தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் கொழுப்பும் புரதமும் குறைவு. சுவரில் சாந்து உதிர்ந்த மாதிரி, உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகிறது, வெளியிலிருக்கும் வியர்வையும் தூசியும் சவர்க்காரமும் உள்ளே போகின்றன. தோல் அழன்று கடிக்கிறது, அதாவது அரிப்பு எடுக்கிறது. சொறிந்தால் இன்னும் கிழிந்து இன்னும் கடிக்கிறது. அந்தச் சாந்தைத் திரும்பப் பூசும் வேலைதான் கிரீமுக்கு. உடம்பு முழுவதும் நாளுக்கு இரண்டு முறை பூசினால் இந்த வயதுப் பிள்ளைக்குக் கிழமைக்கு 250 கிராம் வரை போகும். 500 கிராம் டப்பா இரண்டு கிழமையில் முடியவேண்டும். இரண்டு மாதம் ஓடுகிறதென்றால் கடிக்கிற இடத்தில் மட்டும் தொட்டு வைக்கிறீர்கள், அது காணாது. நல்லாத் தெரிகிற தோலுக்கும் பூசவேண்டும், கடி இல்லாத நாளிலும் பூசவேண்டும்.

குளிப்பு ஐந்து முதல் பத்து நிமிடம், சூடில்லாத தண்ணீரில். கடற்கரைப் பக்கக் கிணறு உவராக இருந்தால் கடைசி வாளிக்காவது நல்ல தண்ணீர் வையுங்கள். சவர்க்காரம் கக்கத்துக்கும் கவட்டுக்கும் காலுக்கும் போதும். கிருமிநாசினி சவர்க்காரமும், தண்ணீரில் கிருமிநாசினித் திரவம் கலப்பதும் வேண்டாம். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், மேலிருந்து கீழாக மயிர் படிகிற பக்கத்துக்கு இழுத்துப் பூசுங்கள். வட்டமாக அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைபட்டு, இந்த வெக்கைக்குச் சின்னச் சின்னப் பருவாக எழும்பும். டப்பாவுக்குள் விரலை விடாதீர்கள், ஒரு கரண்டியால் எடுங்கள். விரலோடு கிருமி போனால் அதையே திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள்.

டப்பாவில் அக்குவஸ் கிரீம் என்று இருந்தால் அதைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பூசிக் கழுவுங்கள். அதில் வழமையாகச் சேர்க்கப்படும் சோடியம் லோரில் சல்பேட் ஒரு நுரைப்பொருள். கழுவாமல் தோலில் விட்டால் சில பிள்ளைகளுக்கு எரியும், தோலும் இன்னும் காயும். தோலில் விடுவதற்கு வெள்ளை மென் பரஃபின் போன்ற ஒயின்ட்மென்ட் (களிம்பு) நல்லது. பகலில் பிசுபிசுப்பு என்று பிள்ளை அடம்பிடித்தால் பகலுக்கு இலேசான கிரீம், இரவுக்கு ஒயின்ட்மென்ட். ஒரு எச்சரிக்கை: இவை ஊறிய உடுப்பும் படுக்கை விரிப்பும் இலகுவில் தீப்பற்றும், தோய்த்தாலும் முழுதாகப் போகாது. அடுப்பு, குத்துவிளக்கு, நுளம்புச் சுருள் பக்கத்தில் கவனம்.

இனி ஸ்டீரொயிட். கடும் வலுவுள்ளதை முகத்திலோ கவட்டிலோ மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், அதுதான் மாமியின் பாதி. மடிப்புகளுக்கு மருத்துவர் தந்த வலுவில், தந்த நாளுக்குள், அளந்து பூசினால் அப்படி ஆவது அரிது. அளவு இப்படி: டியூப் வாயிலிருந்து பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனி தொடங்கி முதல் மடிப்புக் கோடு வரை ஒரு வரி பிதுக்குங்கள். அது ஏறத்தாழ அரை கிராம், விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை இரண்டின் பரப்புக்குப் போதும். மகளின் நாலு மடிப்பும் ஒவ்வொன்றும் உங்கள் கையில் பாதியளவு என்றால், நாலுக்கும் சேர்த்து ஒரு விரல்நுனி. நாளுக்கு ஒரு முறை என்றால் 15 கிராம் டியூப் முப்பது நாள் வரும். ஒரு வருடமாக அதே டியூப் அலுமாரியில் கிடந்தால் பிள்ளைக்கு மருந்து போகவில்லை என்றுதான் அர்த்தம்.

நாலாம் நாள் நிறுத்துவதால்தான் அது திரும்புகிறது. மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் அடியில் அழற்சி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள், தடிப்பும் சொரசொரப்பும் இருந்தால் இன்னும் முடியவில்லை. தடவும்போது வழவழப்பாகி, கடியும் நின்று, அதற்கு மேல் இரண்டு நாள் பூசி நிறுத்துங்கள். பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கிழமை பிடிக்கும். அடிக்கடி திரும்பும் இடத்துக்குக் கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் பூசி வரும் முறையும் உண்டு, அதை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். கிரீமுக்கும் ஸ்டீரொயிட்டுக்கும் இடையில் இருபது முப்பது நிமிடம் விடுங்கள். ஆறிய இடம் கறுத்தோ வெளுத்தோ நிற்பது அழற்சியின் தழும்பு. சில மாதத்தில் மங்கும், அதற்கு மருந்தைக் குறை சொல்லவேண்டாம்.

இரவில் நகத்தை ஒட்ட வெட்டி, பருத்திச் சட்டை போட்டு, காற்றாடியைப் போட்டு விடுங்கள். கடி எழும்பினால் சொறிய விடாமல் ஈரத்துணியை ஐந்து நிமிடம் வையுங்கள். கடிக்கென்று தரும் பாணி மருந்து தூக்கம் தரும், கரப்பானை ஆற்றாது.

மஞ்சள் பொருக்கும் கசிவும் வந்தால் கிருமி ஏறியிருக்கிறது, கிளினிக்குக்குப் போங்கள். ஒரே அளவில் குத்தினாற்போன்ற சின்னப் புண்களும் கொப்புளங்களும் கூட்டமாக எழும்பி, நோவும் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அது ஹெர்பீஸ் வைரஸ் கரப்பானில் பரவுவதாக இருக்கலாம், கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் அவசரம்.

கேள்வி (கிண்ணியா): வாப்பா மேசன் வேலை. இரண்டு கையும் வெடித்து, கடித்து, இரவில் நித்திரை இல்லை. ஐந்து நேரத் தொழுகைக்கும் வுழூ எடுத்துக் கை கால் கழுவுவதால் தண்ணீர் பட்டு எரிகிறது என்கிறார். தண்ணீர்தான் காரணமா?

பதில்: பெரும்பாலும் சீமெந்து. ஈரச் சீமெந்து கடும் காரம், தோலை அரிக்கும். அதிலுள்ள குரோமியத்துக்கு ஒவ்வாமையும் வரும். வந்துவிட்டால் இலேசில் போகாது, பல வருடம் நிற்கும். கை உறை போடவேண்டும், ஆனால் தோலுறை வேண்டாம். அதைப் பதனிடுவதே பெரும்பாலும் குரோமியத்தால். நைட்ரைல் அல்லது பிவிசி உறைக்குள் மெல்லிய பருத்தி உறை. உள்ளே சீமெந்து போய்விட்டால் உடனே கழற்றிக் கழுவவேண்டும், உறைக்குள் அடைபட்ட சீமெந்து வெறுங்கையை விட மோசம். வேலை முடிந்து தின்னராலோ மண்ணெண்ணெயாலோ கை கழுவுவதை இன்றோடு விடச் சொல்லுங்கள்.

வுழூவால் கெடுதல் வராமல் இருக்க, எடுத்தவுடன் விரலிடுக்கு வரை ஒற்றித் துடைத்துக் கிரீம் பூசவேண்டும். முன்னால் பூசினால் தண்ணீரோடு போய்விடும். உள்ளங்கைத் தோல் தடிப்பு என்பதால் அதற்கு வலுக்கூடிய ஸ்டீரொயிட் தேவைப்படலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கையில் மட்டும் என்றால் பூஞ்சணமா என்றும் பார்க்கவேண்டும்.

கேள்வி (மூதூர்): கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தால் கரப்பான் மாறுமா? கடல் குளிப்பு?

பதில்: வெந்நீர் மாற்றாது. சூடு பட்ட நேரம் கடி அடங்கியது போல இருக்கும், காய்ந்ததும் இரட்டிப்பாக வரும். நேர்த்திக்குப் போனால் சூடு குறைந்த கிணற்றில் இரண்டு வாளி ஊற்றிவிட்டுக் கிரீம் பூசுங்கள். வெடிப்பு இல்லாத தோலுக்குக் கடல் பரவாயில்லை, ஏறியவுடன் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவவேண்டும்.

கேள்வி (தம்பலகாமம்): கத்தரிக்காய், இறால், நண்டு, சூரை மீன் எல்லாம் கிரந்தி, கடியைக் கிளப்பும் சாப்பாடு என்று நிறுத்திவிட்டோம். பிள்ளை மெலிந்துபோனான், கரப்பான் அப்படியே இருக்கிறது.

பதில்: அப்படியே இருப்பதுதான் விடை. திரும்பக் கொடுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் தடித்தோ, உதடு வீங்கியோ, வாந்தியோ வந்த உணவு மட்டும் சந்தேகத்துக்குரியது, அதை மருத்துவர் சொல்லாமல் திரும்பக் கொடுக்கவேண்டாம். கைக்குழந்தைக்குக் கரப்பான் கடுமையாக இருந்து மருந்துக்கும் அடங்காவிட்டால் முட்டை, பால் பற்றிச் சோதிப்பது நியாயம். அதற்கும் வீட்டில் முடிவெடுக்கக்கூடாது.

சூரைக்கு வேறொரு கதை உண்டு. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற கடி எழுப்பும் பொருள் ஊறும், சமைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டுச் சற்று நேரத்தில் முகம் சிவந்து உடம்பெல்லாம் கடிக்கும், ஒன்றாகச் சாப்பிட்ட பலருக்கும் வரும். குற்றம் மீன் வைத்திருந்த விதத்தில்.

கேள்வி (நிலாவெளி): வீட்டில் நாலு பேருக்கும் இரவில்தான் கடி. விரலிடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் சின்னப் பருக்கள். கரப்பான் தொற்றுமா?

பதில்: கரப்பான் தொற்றாது. இது பெரும்பாலும் சொறிச் சிரங்கு, தோலுக்குள் வளை தோண்டும் உண்ணியால் வருவது. உறுதி செய்தபின் தருவது வழமையாக 5% பெர்மெத்ரின் கிரீம். கடி இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து பாதம் வரை, நகத்தடியும் தொப்புளும் கவடும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவவேண்டும். பெரியவர் ஒருவருக்கு 30 கிராம் போகும். இரவில் கை கழுவினால் கைக்குத் திரும்பப் பூசவேண்டும், பலரும் விடுவது இதைத்தான். ஏழு நாள் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டே. அன்றைய உடுப்பு, துவாய், விரிப்பை வெந்நீரில் தோயுங்கள். தோய்க்க முடியாததைப் பையில் கட்டி மூன்று நாளுக்கு மேல் வைத்தால் உண்ணி செத்துவிடும். மருந்துக்குப் பிறகும் இரண்டு முதல் நாலு கிழமை கடி இருக்கும். பிடிக்கவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அதையே பூசாதீர்கள், தோல் காய்ந்து கடி கூடும். அந்த நாட்களுக்குச் சாதாரண ஈரப்பதக் கிரீம் போதும். நாலு கிழமை தாண்டியும் புதுப் பரு எழும்பினால் திரும்பக் காட்டுங்கள்.