சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால்

அன்புள்ள ஐயா,

போன வாரம் ஏற்காடு பஸ்ஸில் போனோம். கடைசி வளைவும் தாண்டி, எஸ்டேட் ஓரமாகப் போகும்போது “அதோ, காட்டெருமை” என்றாள் மனைவி. அவள் கை காட்டிய இடத்தையே பார்த்தேன். சில்வர் ஓக் மரமும் நிழலும்தான். அது ஒரு அடி எடுத்து வைத்ததும் முழு உருவமும் சட்டென்று தெரிந்துவிட்டது. “கண்ணாடியை மாத்துங்க” என்கிறாள். கவனம் டார்ச் வெளிச்சம் மாதிரி என்று எழுதியிருந்தீர்கள். நான் சரியான இடத்தில்தானே டார்ச் அடித்தேன்?

கே., அஸ்தம்பட்டி

அன்புள்ள கே.,

டார்ச் உவமை பாதிதான் சரி. மீதியைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

கண்ணை அசைக்காமலே கவனத்தை மட்டும் ஓரிடத்துக்கு அனுப்பலாம், அங்கே தோன்றுவதை வேகமாகக் கண்டுகொள்வோம் என்று 1980-ல் உளவியலாளர் மைக்கேல் போஸ்னர் காட்டினார். அதுதான் டார்ச். ஆனால் 1975-லேயே உல்ரிக் நைசரும் ராபர்ட் பெக்லனும் இரண்டு வீடியோக்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்திருந்தார்கள். ஒன்றில் கைதட்டு விளையாட்டு, இன்னொன்றில் பந்து விளையாட்டு. இரண்டும் ஒரே இடத்தில்தான் ஓடின. பார்த்தவர்கள் ஒன்றைச் சிரமமில்லாமல் பின்தொடர்ந்தார்கள்; மற்றதில் நடந்ததைப் பெரும்பாலும் தவறவிட்டார்கள். வெறும் டார்ச் என்றால் இது எப்படி முடியும்?

எனக்குப் பிடித்தது 1994-ல் எக்லி, ஜான் டிரைவர், ரஃபால் என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்த சோதனை. திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீளக் கட்டங்கள். ஒன்றின் முனை ஒரு கணம் மின்னும். அப்புறம் ஏதாவது ஒரு முனையில் சின்னச் சதுரம் வரும். வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். மின்னிய முனையிலேயே வந்தால் வேகம் அதிகம். சரி, அது டார்ச் கணக்கு. வேறு முனையில் வந்தால்? அதே கட்டத்தின் மறுமுனை, பக்கத்துக் கட்டத்தின் முனை, இரண்டும் சம தூரம்தான். ஆனாலும் அதே கட்டத்தில் வந்ததற்கே சீக்கிரம் அழுத்தினார்கள். வித்தியாசம் விநாடியில் நூறில் ஒரு பங்கை ஒட்டியதுதான். ஆனால் அடித்த வெளிச்சம் அந்தப் பொருளின் உடம்போடு பரவியிருக்கிறது. கட்டங்களின் நடுப்பகுதியை ஒரு பட்டையால் மறைத்தாலும் அது பரவுகிறது என்று 1998-ல் இன்னொரு ஆய்வு காட்டியது.

இப்போது உங்கள் காட்டெருமைக்கு வருவோம். பரவுவதற்கு முதலில் ஒரு பொருள் வேண்டுமே. உங்களுக்கு அங்கே இருந்தது மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கருப்புத் திட்டு, அந்தப் பக்கம் ஒரு கருப்புத் திட்டு. காட்டில் நிழலும் அதே நிறம்தான். அது அடி எடுத்து வைத்தபோது இரண்டு திட்டும் சேர்ந்து நகர்ந்தன. சேர்ந்து நகர்வதை மனம் ஒன்றாகக் கட்டிவிடும். உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-லேயே எழுதிய விஷயம். கட்டியானதும் மரத்துக்குப் பின்னால் மறைந்த நடு உடம்பும் சேர்ந்தே வந்துவிட்டது.

உங்கள் மனைவிக்கு எப்படி முன்னாலேயே தெரிந்தது என்றால், என் ஊகம் கால்கள். காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளை, சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். கேட்டுப் பார்த்து எழுதுங்கள். கண்ணாடியை மாற்ற வேண்டாம்.