பதவிக்குப் போனவரா லோகன்?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதி ஜான் லோகனைப் போன இதழில் ஏகத்துக்குப் புகழ்ந்திருந்தீர்கள். சின்ன ஊர் வக்கீல், எம்.பி. செல்வாக்கில் ராணுவப் பதவி வாங்கியவர், அப்புறம் கட்சியும் தாவியவர். இவருக்கா இவ்வளவு பாராட்டு?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: செல்வாக்கில் கர்னல் ஆனார், சரி. மெக்சிகோ போரில் கொஞ்ச காலம் லெப்டினன்டாக இருந்ததைத் தவிர அவருக்குப் படை அனுபவம் கிடையாது. ஆனால் அந்தப் பதவியால் லாபமா, நஷ்டமா என்று பாருங்கள். போர் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும்; லோகன் வடக்குப் பக்கம். அவருடைய தொகுதி, வடக்கோடு நின்ற இல்லினாய் மாநிலத்தின் தெற்குப் பகுதி. ‘எகிப்து’ என்று அதற்குப் பட்டப்பெயர். கெய்ரோ என்று ஊர்கூட உண்டு. அங்கே பாதிப் பேருக்குத் தெற்கு மாநிலங்களில்தான் சொந்தபந்தம். லோகனின் மைத்துனரே தெற்கின் படையில் சேர்ந்தார். பதவிக்காக அலைகிறவர் அந்த ஊரில் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

லோகன் திறந்தார். 1861 ஜூனில் வடக்குத் தரப்புக் கர்னல் கிராண்டின் ரெஜிமென்ட் முன்னால் பேச அனுமதி கேட்டபோது, இவர் எந்தப் பக்கம் பேசுவாரோ என்று கிராண்டே தயங்கியிருக்கிறார். பேசி முடித்ததும் சிப்பாய்கள் அநேகமாக எல்லோரும் மூன்று வருஷச் சேவைக்குப் பெயர் கொடுத்தார்கள். அடுத்த மாதம் புல்ரன் போரில் பட்டாளத்துப் பதவி எதுவும் இல்லாமலே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மிச்சிகன் படையோடு நின்றார். 1862 பிப்ரவரியில் டொனல்சன் கோட்டையில் குண்டடி. செத்துவிட்டார் என்று பத்திரிகைகளில் செய்தியே வந்தது. ஏப்ரலில் ராஜினாமா செய்தது எம்.பி. பதவியை, ராணுவத்தை அல்ல.

செல்வாக்கு பலித்திருக்க வேண்டிய இடம் அட்லாண்டா. 1864 ஜூலை 22-ல் தளபதி மெக்பெர்சன் சுடப்பட்டுச் சாக, நடுச்சண்டையில் அவருடைய ‘டென்னசி படை’யை (பேர்தான் அப்படி, வடக்கின் படை) ஏற்று நடத்திக் காப்பாற்றியவர் லோகன். ஐந்தே நாளில் மேல் தளபதி ஷெர்மன் அந்தப் பொறுப்பை ஹோவர்ட் என்ற இன்னொரு தளபதியிடம் கொடுத்தார். ஹோவர்ட் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர்; இவர் வக்கீல். கோபித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பாமல் லோகன் தன் பழைய 15-வது கோருக்கே (படைப்பிரிவுக்கே) திரும்பினார்.

ஜனநாயகக் கட்சியிலிருந்து கட்சி மாறியது உண்மை. 1864-ல் லிங்கனுக்கு ஓட்டுக் கேட்டார், 1866-ல் குடியரசுக் கட்சியின் வேட்பாளர். பிறகு செனட்டர் பதவியும் கிடைத்தது. அதைச் சொல்லிக் காட்டுங்கள், மறுக்க மாட்டேன்.

ஆனால் நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் வேறு. போன இதழில் நானும் அதை விட்டுவிட்டேன், அது என் தப்பு. 1853-ல் இல்லினாய் சட்டசபையில் புது எம்.எல்.ஏ. லோகன் ஒரு மசோதா கொண்டுவந்து நிறைவேற்றினார். வெளிமாநிலத்திலிருந்து வரும் கறுப்பர் பத்து நாளுக்கு மேல் தங்கினால் 50 டாலர் அபராதம். கட்ட முடியாவிட்டால் அவர் உழைப்பு ஏலத்துக்குப் போகும்; அபராதத்தைக் கட்டி, குறைந்த நாள் வேலை கேட்கிறவர் கூட்டிப் போகலாம். தன் ஓட்டுக்காரர்களுக்கு என்ன பிடிக்கும் என்று வக்கீலுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தச் சட்டம் ரத்தானது 1865 பிப்ரவரியில். அப்போது அதை எழுதியவர் ஷெர்மனின் படையோடு தென் கரோலினாவில் நடந்துகொண்டிருந்தார். விடுதலையான அடிமைகள் மூட்டை முடிச்சோடு அந்தப் படையின் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.