கருவி இல்லாத பல்கலையிலிருந்து ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

சின்னப் பல்கலையில் எம்.எஸ்சி. இயற்பியல், நல்ல கருவிகளே இல்லை, ஆராய்ச்சிக்குப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். கருவிக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவும் (யுஜிசி) அணுசக்தித் துறையும் (டிஏஇ) சேர்ந்த யுஜிசி-டிஏஇ கூட்டமைப்பு இருக்கிறது. இந்தூர், கல்பாக்கம் மையங்களில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளவீடு எடுக்கலாம். உங்கள் ஆசிரியர் வழியாக விண்ணப்பியுங்கள்.

அதைவிட முக்கியம், இந்திய அறிவியல் அகாடமி மற்ற இரு அகாடமிகளோடு சேர்ந்து தரும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகை. பெரிய ஆய்வகத்தில் இரண்டு மாத வேலை. பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். அங்கேதான் சின்ன வகுப்பு கைகொடுக்கும், ஆசிரியருக்கு உங்கள் கையெழுத்துகூடத் தெரிந்திருக்கும்.

விண்ணப்பத்தில் 'சிறு வயதிலிருந்தே ஆர்வம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், படிப்பவருக்கே அலுத்துப்போயிருக்கும். அதற்குப் பதில், உதாரணமாக, ஒளியியல் ஆய்வகத்தில் செய்யும் நியூட்டன் வளையச் சோதனையில் நுண்ணோக்கித் திருகை முன்னும் பின்னும் திருப்பினால் அளவு ஏன் பிசகுகிறது என்று எழுதுங்கள். அப்புறம், முனைவர் பட்ட ஆராய்ச்சியில் சேர உதவும் கேட், ஜெஸ்ட் தேர்வுகளுக்கு இப்போதே படிக்கத் தொடங்கிவிடுங்கள்.